வியாழக்கிழமைகளில் வருகிறவர்கள்

பிளாக்டவுனில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் வியாழக்கிழமை பின்னேரம் என்றால் முதலில் எண்ணெய் மணக்கும். பிறகு புகை அலாரம் கத்தும். அதற்குப் பிறகு ஒரு பெண் யாரையோ கூப்பிடுவாள். எங்களுக்கு நேர் கீழே உள்ள யூனிட்டில் அவள் குடிவந்த நாள்முதல் போன மாரிகாலம்வரை இந்த ஒழுங்கு தவறியதில்லை. பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டு, ரயில் பாதைப் பக்கம் பார்த்து, உரத்த குரலில் ஒரேயொரு வாக்கியம் சொல்லுவாள். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. நான் எங்கேயும் கேட்ட மொழியாகவும் இல்லை. பூனை வளர்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். "பூனைக்கு ஆரப்பா எண்ணெய்ப் பலகாரம் சுடுறது? புருசன்காரனைக் கூப்பிடுறாளாயிருக்கும்" என்றார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். எத்தனை வருஷம் அவுஸ்திரேலியாவில் இருந்தாலும் பெயர் சொல்லி எழுத எனக்குக் கை வராது. ஆனால் அந்த வீட்டுக்குள் எந்த ஆணும் போனதை நாங்கள் காணவில்லை. அவள் கூப்பிட்ட குரலுக்கு ஒருவரும் வரவில்லை. குரலை விட, அதற்குப் பிறகு வரும் அமைதிதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருக்கும் ஆளின் அமைதி அது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சமையல் மணம் மறைக்க வேண்டிய விஷயம். கருவாடு பொரிக்கிற நாளில் ஜன்னலைப் பூட்டி, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு, கதவு இடுக்கில் துவாய் திணித்து, களவு செய்கிறவர்கள் போலத்தான் சமைப்போம். அப்படியும் அடுத்த நாள் லிஃப்டில் ஏறுகிற வெள்ளைக்காரப் பெண் மூக்கைச் சுருக்கினால், கருவாடு எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக் கை நீட்டுகிற மாதிரி இருக்கும். ஊரிலே அயல்வீட்டில் மீன் பொரித்தால் "என்ன, இண்டைக்குப் பாரையோ?" என்று வேலிக்கு மேலால் கேட்போம். இங்கே மணத்தை வீட்டுக்குள் அடைத்து வைக்கப் பழகிவிட்டோம். அப்படி இருக்க, ஒருத்தி எண்ணெயைக் காய்ச்சி, கதவைத் திறந்து, மணத்தை வேண்டுமென்றே வெளியே அனுப்புகிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பயமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஒரு வியாழன் அலாரம் நிற்காமல் கத்தியது. நான் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் சமையல்காரி. அலாரம் என்றால் என் கால்கள் தாமாக ஓடும். கீழே போனேன். கதவு திறந்தே கிடந்தது. முகட்டில் இருந்த அலாரத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றைப் போட்டு மூடியிருந்தாள். அது தொப்பிக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது. முப்பது வயது மதிக்கலாம். அகன்ற முகம், மேலெழுந்த கன்னத்து எலும்பு, முழங்கை வரை மா. பயப்படாதே என்று கையால் காட்டிவிட்டு, கதிரை மேல் ஏறி அதன் வாயை அடைத்தாள். இறங்கியதும் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தட்டில் இருந்து பொரித்த மாத்துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "சாப்பிட வேண்டும். இந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது" என்றாள். சீனி போடாத வாய்ப்பன் போல இருந்தது. போர்சோக் என்று பெயர் சொன்னாள். தன் பெயர் அய்னுரா என்றும் சொன்னாள்.

எங்கள் இருவருடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே இடங்களில் உடைந்திருந்தது. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவள் கிர்கிஸ்தான்காரி. படிக்க வந்து, அது முடிய இன்னொரு படிப்புக்கு மாறி, விசாவை இழுத்துக்கொண்டு, வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டதற்குச் சர்வசாதாரணமாக, "செத்தவர்களை" என்றாள். அவர்களை அர்பாக் என்பார்களாம். செத்தவர்களால் உணவைத் தொட முடியாது, மணத்தை மட்டும்தான் எடுக்க முடியும். ஆகவே வாரம் ஒரு தடவை எண்ணெய் மணம் எழுப்ப வேண்டும். மணம் எழாத வீட்டுச் செத்தவர்கள் மற்ற வீட்டு வாசல்களில் போய் நிற்பார்கள் என்று அவள் அம்மா சொல்லுவாளாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவோம். ஆடி அமாவாசைக்கு இங்கே நான் பால்கனியில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டால், மஞ்சள் கொண்டையோடு ஒரு கொக்கட்டூக் கிளி வந்து உழுந்து வடையைத் தூக்கிக்கொண்டு போகும். "கொய்யா வெள்ளைக்காரனாப் பிறந்திட்டார் போல" என்று என் ஐயாவைச் சொல்லி இவர் பகிடி விடுவார். சிரிப்போம்.

நான் சென்றுவரத் தொடங்கினேன். மாப் பிசைய ஒரு கை கூட இருந்தால் நல்லது என்பாள். அப்படித்தான் அந்த வாக்கியத்தின் கதை தெரிந்தது. அது கிர்கிஸ் அல்ல. அவளுடைய ஆட்கள் கல்மாக்குகள். மொங்கோலியர்களின் மொழிக்கு உறவான மொழி பேசியவர்கள். பல தலைமுறைக்கு முன் சீனப் பக்கத்திலிருந்து மலை தாண்டி வந்து, இசிக்குல் என்ற பெரிய ஏரிக்குக் கிட்ட, கரகோல் பட்டணத்தை ஒட்டிய ஊர்களில் குடியேறினார்கள். சுற்றிவரக் கிர்கிஸ் ஆட்கள். கிர்கிஸ் துருக்கியோடு சேர்ந்த மொழி, வேறு குடும்பம். கல்யாணம் கிர்கிஸில் நடந்தது, பிரார்த்தனையும் தாலாட்டும் சந்தை விலையும் கிர்கிஸில் நடந்தன. சண்டை போட்டு ஒருவரும் மொழியைப் பறிக்கவில்லை. நல்ல அயலவர்கள், நல்ல சம்பந்தங்கள். கேட்க எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கல்மாக்கில் தண்ணீருக்கு உசுன், கிர்கிஸில் சூ. "அம்மா எங்களைத் திட்டும்போது உசுன் என்பாள், பக்கத்து வீட்டுக்காரி வந்தால் சூ என்பாள்" என்றாள் அய்னுரா. பிள்ளைகளுக்கு வந்தது சூ மட்டும். கல்மாக்கில் வசவு கொஞ்சம் விளங்கும். பதில் சொல்ல வராது. நான் மனதுக்குள், எங்கள் மொழிக்கு அப்படி ஒன்றும் ஆகாது, நாங்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம் என்று பெருமையாக நினைத்தேன். மேலே போய் மகளிடம் "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். "யெப்" என்றாள்.

அய்னுராவின் அம்மா இறந்தபோது அவளுடைய விசா இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. இதை அவள் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் படகில் வந்த ஆட்கள், ஊருக்குப் போய்வர முடியாத விசா என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். அவளை வாட்டியது வேறொன்று. அவள் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: செத்தவர்களுக்குப் பிந்திக் கற்றது முதலில் மறந்துபோகும். பள்ளியில் படித்த ரஷ்ய மொழி மண் போடும்போதே போய்விடும். பிறகு கிர்கிஸ் போகும். கடைசியில் முலைப்பாலோடு வந்த மொழி மட்டும்தான் மிஞ்சும். "அம்மாவுக்கு இப்போது கிர்கிஸ் மறந்திருக்கும். கல்மாக்கில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு வாக்கியம். நல்லவேளையாக அது கூப்பிடுகிற வாக்கியம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய அம்மா தொங்கிக்கொண்டிருந்தாள். அது தவறினால் அம்மா வேறு யாருடைய வாசலிலோ போய் நிற்பாள்.

சின்ன வயதில் கேட்டதுதான் அவளுக்கு அத்தாட்சி. வியாழக்கிழமைகளில் அம்மா முற்றத்துக்கு அப்பால் இருந்த வெளிக் குசினியில் பொரிப்பாளாம். பிள்ளைகள் கிட்டப் போகக் கூடாது, செத்தவர்களின் கண் படும். வீட்டுக்குள்ளே பொறுமையில்லாமல் காத்திருப்பார்கள். அம்மா வாசலுக்கு வந்து முற்றத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னதும், விழுந்தடித்து ஓடிப்போய்ச் சுடச்சுட அள்ளித் தின்பார்கள். அவளுக்கு அதைவிட நல்ல அழைப்பு உலகத்தில் இல்லை.

"எஜே, உங்கள் வீட்டுச் செத்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள், நான் சேர்த்துக் கூப்பிடுகிறேன். எண்ணெய் ஒன்றுதானே" என்றாள் ஒரு நாள். எஜே என்றால் அக்கா. நான் ஐயாவின் பெயரைச் சொன்னேன், பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். மாவை வெட்டிக்கொண்டே அவ்வளவுதான் என்றேன். சொல்லாமல் விட்டது தம்பியின் பெயர். வதனன். வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில், பங்கருக்குள் நாங்கள் நாலு பேர் இருந்தோம். கஞ்சி குடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, போட்டு வாறன்" என்று ஏறிப் போனான். அவனும் வரவில்லை, வாளியும் வரவில்லை. செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அம்மா இன்றைக்கும் கிளிநொச்சியில் அவனுடைய படத்துக்குப் பொட்டு வைக்க விடமாட்டா, பூ வைக்க விடமாட்டா. காணாமல் போனவர்களைக் கேட்டுப் போராடுகிறவர்களின் பந்தலுக்கு அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் இருப்பா. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் முதல் கேள்வி, "பிள்ளை, தம்பியைப் பற்றி அங்கை ஆரும் ஏதும் கதைச்சவையோ?" என்பதுதான். அப்படிப்பட்டவனுடைய பெயரை நான் எப்படி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சொல்லுவேன்? சொன்னால் நானே அவனைக் கொன்றதாகிவிடும் என்று பயந்தேன்.

கீழ்த்தளத்தில் பீட்டர் என்று ஒரு கிழவர் இருக்கிறார், தனி ஆள், கூடவே கிழட்டு நாய். குப்பைத் தொட்டிக்குக் கிட்டக் கண்டால் காலநிலை பற்றி நாலு வார்த்தை பேசாமல் விடமாட்டார். ஒரு தடவை குரலைத் தாழ்த்தி, உன் சினேகிதி நலமா, வியாழக்கிழமைகளில் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி, அவளுடைய அம்மாவை என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. "ஓ, மம் வந்து போகிறாரா? கிட்டத்திலா இருக்கிறார்?" என்றார். எப்படி விளக்குவது? "வியாழக்கிழமைகளில் மட்டும்" என்றேன். மிகவும் நல்லது, பிள்ளைகளைப் பார்க்க அம்மாமார் வரத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் படியேறும்போது நான் சிரித்துக்கொண்டே ஏறினேன். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்று பாதிப் படியில் பட்டது. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

போன மாரிகாலத்தில் ஒரு வியாழன், நாங்கள் பொரித்துக்கொண்டிருந்த நேரம் அவளுடைய மாமாவின் வீடியோ அழைப்பு வந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. கரகோலுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறார். தாய்மாமனை அவர்கள் தாயாக்கே என்கிறார்கள். கேட்ட நாளிலேயே எனக்கு அந்தச் சொல்லைப் பிடித்துப்போனது. அந்தக் குடும்பத்தில் கல்மாக்கில் முழுதாக நாலு வசனம் பேசக்கூடிய ஆள் இப்போது அவர் ஒருவர்தான். அங்கே மத்தியானம். வெயிலில் முற்றத்துக் கட்டிலில் இருந்தார். அய்னுரா போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, முதல் போர்சோக் எண்ணெயில் விழுந்து மணம் கிளம்பியதும் வழக்கம்போலக் கதவைத் திறந்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். திரையில் தாயாக்கே பெரிதாகச் சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவருடைய சிரிப்பு நின்றது. கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல, கிர்கிஸில், நீளமாகப் பேசினார். அய்னுரா திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அடுப்பை நிறுத்தினாள்.

அது கூப்பிடுகிற வாக்கியம் அல்ல. அனுப்புகிற வாக்கியம். "வயிறு நிறைந்தது, இனிப் போங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்." செத்தவர்கள் வந்து, மணத்தை எடுத்து, போன பிறகுதான் பிள்ளைகள் வெளியே வரலாம். அதனால்தான் பிள்ளைகளின் காதில் அது ஒன்று மட்டும் விழுந்தது. கூப்பிடுகிற வார்த்தைகளை அம்மா சட்டிக்கு மேல் குனிந்து, வாய்க்குள் சொல்லியிருக்க வேண்டும். ஆண்கள் சட்டிக்குக் கிட்டப் போவதில்லை. தாயாக்கேக்கு அது தெரியாது. சரி, நீங்களே ஒன்று சொல்லித் தாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். அவர் கண்ணை மூடி முயன்றார். "வா" வந்தது, "சாப்பிடு" வந்தது, செத்துப்போன ஒருத்தியை மரியாதையோடு எப்படிக் கூப்பிடுவது என்ற இடத்தில் நின்றுவிட்டார். வாயைத் திறந்தால் கிர்கிஸ் வந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் கிர்கிஸ். வயதுபோன மனிதர், திரையில் வியர்த்துப் போனார். கிர்கிஸிலேயே கூப்பிடு மகளே, பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அய்னுரா என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஒவ்வொரு வியாழனும் அம்மா வாசலுக்கு வந்திருப்பாள். மணம் பிடித்து வந்திருப்பாள். நான் கதவைத் திறந்து, போ, திரும்பிப் பார்க்காதே என்றேன்." அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மேலே வந்து இவரிடம் சொன்னேன். "அப்ப உங்கடை கொய்யாவையும் சேர்த்தல்லோ கலைச்சிருக்கிறாள்" என்றார். வழக்கமான பகிடிதான். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

அடுத்த வியாழன் மணம் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. அலாரம் கத்தவில்லை. நாங்கள் இருவரும் டிவிக்கு முன்னால் இருந்து, ஒன்றையும் பார்க்காமல், கீழிருந்து வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். மணம் எழாத வீட்டுச் செத்தவர்கள் மற்ற வாசல்களில் போய் நிற்பார்கள் என்றது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்து ஒரு தடவை நான் போய்க் கதவைத் திறந்தேன். நடைபாதை விளக்குத்தான் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. குப்பைத் தொட்டியடியில் பீட்டரைக் கண்டேன். இப்போதெல்லாம் சத்தமே இல்லையே, அவளுடைய மம் திரும்பிப் போய்விட்டாரா என்று கேட்டார். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு எப்படியோ விளங்கியது. வழியனுப்புவது கஷ்டம்தான் என்றார்.

அந்த ஞாயிறு அம்மாவுக்கு எடுத்தேன். வழக்கமான கேள்வி. வழக்கமான பதில். பிறகு, ஏன் கேட்டேன் என்று தெரியாது, "அம்மா, தம்பி போகேக்கை உங்களிட்டை என்ன சொன்னவன்?" என்று கேட்டேன். "உனக்குத்தானே சொன்னவன். நான் நித்திரை" என்றா. கொஞ்சம் பொறுத்து, "போட்டு வாறன் எண்டெல்லோ சொன்னவன், பிள்ளை. போறன் எண்டு சொல்லேல்லை. அப்ப வருவான்தானே" என்றா. அம்மாவும் ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறா என்று அன்றைக்குத்தான் உறைத்தது. போன் வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கோபத்தோடுதான் வியாழக்கிழமை மாப் பையையும் எண்ணெய்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அய்னுரா வேலை உடுப்போடு நிலத்தில் இருந்தாள். மாவைப் பிசை என்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றாள். "கூப்பிடுவது எண்ணெய்" என்றேன். "மணத்துக்கு என்ன மொழி? கருவாடு பொரித்தால் லிஃப்டில் இருக்கிற வெள்ளைக்காரிக்கே விளங்குகிறது, உன் அம்மாவுக்கு விளங்காதா?" அவள் முகத்தில் அசைவில்லை. எனக்கு இன்னும் சூடேறியது. "வராத ஆளைப் பார்த்து யாராவது போ என்பார்களா? உன் அம்மா வாராவாரம் போ போ என்று அனுப்பினாளே, அடுத்த கிழமை அவர்கள் வராமலா விட்டார்கள்? நீ வாக்கியத்தைப் பிழையாகச் சொல்லவில்லை. முந்திச் சொல்லிவிட்டாய். விருந்தாளி செருப்பைக் கழற்ற முதல் போயிட்டு வா என்று சொன்ன மாதிரி. இன்றைக்கு அவர்களை இருக்க விடு, தின்ன விடு, பிறகு சொல்லு." என் ஆங்கிலத்தில் இதையெல்லாம் எப்படிச் சொன்னேனோ, எழும்பி வந்து மாவுக்குள் கையை விட்டாள்.

பொரித்தோம். அலாரத்துக்குத் தொப்பி போட்டோம். கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இரண்டு கதிரைகளில் இருந்தோம். மணம் எங்களைத் தாண்டி வெளியே போனது. பிளாக்டவுன் ஸ்டேஷன் பக்கம் இருந்து ரயில் ஒன்று வந்து, எங்கள் கட்டடத்தை அதிரப்பண்ணிவிட்டுப் போனது. பிறகு நல்ல அமைதி. அந்த அமைதியைத்தான் நான் மேலிருந்து எத்தனையோ வியாழன் கேட்டிருக்கிறேன். உள்ளே இருந்து கேட்டபோது அது வெறுமையாக இல்லை. அறை நிறைய ஆட்கள் இருந்தால் காற்று எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது. என்னை மூடநம்பிக்கைக்காரி என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அய்னுரா பால்கனியைப் பார்க்கவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிர்கிஸில் மெதுவாக ஏதோ பேசத் தொடங்கினாள். தாய்க்கும் மகளுக்கும் இடையில் நடப்பது. நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

போர்சோக் ஆறிப்போனது. இருட்டத் தொடங்கியது. இனி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தங்கிவிடுவார்கள், அது இருப்பவர்களுக்கும் கூடாது, செத்தவர்களுக்கும் கூடாது. அய்னுரா எழுந்து கதவடிக்குப் போனாள். வாயைத் திறந்தாள். இத்தனை காலம் கணீரென்று சொன்ன அந்த ஒரே வாக்கியம் அன்றைக்கு வரவில்லை. பொருள் தெரியாதவரை சொல்ல முடிந்தது. தெரிந்த பிறகு, பெற்றவளைப் பார்த்துப் போ, திரும்பிப் பார்க்காதே என்று எப்படிச் சொல்லுவாள்? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எஜே, உங்கள் மொழியில் போ என்று எப்படி அனுப்புவீர்கள்?"

நாங்கள் போ என்று சொல்வதில்லை என்றேன். போகிறவரும் போகிறேன் என்று சொல்லமாட்டார். போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன் என்பார், போட்டு வா என்போம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான், சண்டைக்குப் போனாலும் அப்படித்தான். அவள் அதை யோசித்தாள். "அது நல்லது. அதையே சொல்லுங்கள். அம்மாவுக்கு விளங்காவிட்டாலும், கெட்டதாகச் சொல்லவில்லை என்றாவது தெரியும்" என்றாள்.

எழுந்து பால்கனிக்குப் போனேன். வெளியே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடைகளின் வெளிச்சம். இசிக்குல் ஏரிக்கரையில் இருந்து வந்தவர்களை, பிளாக்டவுனில் நின்று, வன்னித் தமிழில் அனுப்ப வேண்டும். மரியாதையாக, "போட்டு வாங்கோ" என்றேன். அய்னுராவின் அம்மாவுக்கு. பெரியவர்கள் எல்லாருக்கும். ஐயாவுக்கு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "போட்டு வாடா" என்று அடுத்ததாக வந்துவிட்டது. நான் 'டா' போட்டுக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். அன்றைக்குப் பங்கர் வாசலில் அவன் போட்டு வாறன் அக்கா என்றபோது நான் பதில் சொல்ல முதல் ஷெல் சத்தம் கேட்டது. அந்தப் பதில் இத்தனை வருஷம் என் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது. கீழே குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போன பீட்டர், தனக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அண்ணாந்து கையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

அய்னுரா ஒரு கிண்ணத்தில் போர்சோக் போட்டுத் தந்தாள். வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். அவர்கள் வழக்கத்தில் செத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் வாசலை எட்டும்வரை நான் பார்க்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சந்தியில் சோறு வைத்துவிட்டு வந்த எத்தனை பேரின் பின்னால் சின்ன வயதில் நடந்திருக்கிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை கேட்பா, ஆரும் ஏதும் கதைச்சவையோ என்று. படி திரும்புகிற இடத்தில், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, நான் திரும்பிப் பார்த்தேன்.